விபத்து நடந்த விதம் (ஐந்து வரிகளுக்குள்)

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டத்துக்குள். இன்சூரன்ஸ் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் ‘விபத்து நடந்த விதம் (ஐந்து வரிகளுக்குள் எழுதவும்)’ என்று அச்சடித்து, கீழே ஐந்து கோடு போட்டிருந்தார்கள். நான் ஐந்து வரி எழுதினேன். எழுதிய அன்றைக்கு எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. இப்போது அந்த ஐந்து வரியை அழிப்பதற்காக இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கு இப்போது எங்கள் வீட்டில்தான் குடியிருக்கிறது.

உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். இந்த மாதிரிக் கதைகளைப் படித்துப் படித்து நீங்களும் தேறிவிட்டீர்கள். ‘கடைசியில் பார், வண்டியை ஓட்டினவன் நான்தான் என்று இவனே சொல்லப்போகிறான்’ என்று நினைக்கிறீர்கள். இல்லை. எனக்குச் சைக்கிளே ஓட்ட வராது. விபத்து நடந்த நேரத்தில் நான் அச்சகத்தில் உட்கார்ந்து, யாரோ எழுதிய கணக்குப் பாடப் புத்தகத்தில் விட்டுப்போன கால்புள்ளிகளைத் தேடிக்கொண்டிருந்தேன். பிழை திருத்துவது என் வேலை. (இதை நினைத்துச் சிரிக்க விரும்புகிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.)

2

எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று நாள் குழம்பினேன்.

முதல் ஆரம்பம்: ‘அன்று மாலை வானம் கறுத்து...’ வேண்டாம். வானம் கறுத்து ஆரம்பித்த கதைகள் இதுவரை வந்ததே போதும்.

இரண்டாவது: ‘மோட்டார் சைக்கிள் என்பது இரண்டு பேருடைய உயிரை ஒருவருடைய கையில் கொடுக்கிற இயந்திரம். அந்த ஒருவர் கவனமாக இருக்க வேண்டியது அவருடைய...’ இது கட்டுரை. சாலைப் பாதுகாப்பு வாரத்துக்கு ஏதாவது பள்ளிக்கூடம் கேட்டால் கொடுக்கலாம்.

மூன்றாவது: ‘மாமா வண்டியை ஒரு மனிதர் மீது ஏற்றிவிட்டார்.’ நல்ல, நேரான வாக்கியம். ஆனால் பொய்.

சரி, ஆரம்பத்தைத் தேடிக்கொண்டிருந்தால் ஆகாது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். தையல் மெஷின் மெக்கானிக். கருவிகள் உள்ள இரும்புப் பெட்டியை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு தையல்கடை தையல்கடையாகப் போவார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். அக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் வேலைக்கு அவளை மாற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள். சம்பளம் கூட. அதற்கு இருசக்கர வண்டி லைசென்ஸ் வேண்டும். டிரைவிங் ஸ்கூலில் பழகிக்கொண்டிருந்தாள், லைசென்ஸ் தேர்வுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. அவர்கள் வீட்டு மாடி அறையில் நான் இருக்கிறேன். சாப்பாடு கீழே. கருத்துச் சொல்வது மேலேயிருந்து.

அன்று சாயங்காலம் ஐந்து மணி. தூறல். இருவரும் மெஷினுக்குப் பெல்ட் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது. அக்கா “நான் ஓட்டறேன்” என்றாள். மாமா வேண்டாம் என்றார். அக்கா விடவில்லை. மாமா இறங்கி, தான் கொடுத்தும் அவள் போடாமல் மடியில் வைத்திருந்த ஹெல்மெட்டை எடுத்து அவள் தலையில் மாட்டி, வாரை இறுக்கிவிட்டு, பின்னால் உட்கார்ந்தார். வீட்டில் ஹெல்மெட் ஒன்றுதான்.

அதிக தூரம் போகவில்லை. சலூன் இருக்கும் வளைவில் வெள்ளையாக ஏதோ குறுக்கே வந்தது. அக்கா பதறி முன் பிரேக்கை முழுதாகப் பிடித்துவிட்டாள். ஈர ரோட்டில் அப்படிப் பிடிக்கக்கூடாது. வண்டி சறுக்கிக்கொண்டே போய், கடை வாசலில் நின்றிருந்த சலூன்காரரை அடித்துத் தள்ளியது. அவருடைய வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. அக்காவுக்கு முழங்காலில் சிராய்ப்பு. மாமாவுக்குத் தலையில் அடி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, தலைக்குள் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். (நல்ல செய்தியாகத்தான் சொன்னார்.) ஆனால் பெல்ட் கடையிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் நடுவில் நடந்த எதுவும் மாமாவின் ஞாபகத்தில் இல்லை.

[கவனிக்க: இதெல்லாம் அக்கா சொன்னது. மாமா வேண்டாம் என்றாரா, ‘சரி, பழகணும்ல, ஓட்டு’ என்றாரா என்பதற்கு அவளைத் தவிர சாட்சி இல்லை. லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தவருக்கும் பொறுப்பு உண்டு என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் சட்டம் தெரிந்தவன் இல்லை. மச்சான்.]

3

ஆஸ்பத்திரிக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். நனைந்த தொப்பியைக் கட்டிலின் கம்பியில் மாட்டிவிட்டு அக்காவிடம் கேட்டார்.

“யாரும்மா வண்டி ஓட்டினது?”

அக்கா வாயைத் திறந்திருக்கிறாள். சொல்லத்தான் திறந்தேன் என்று என்னிடம் மூன்று தடவை சொன்னாள். அதற்குள் பக்கத்து அறையில் சலூன்காரரின் கையை நேராக இழுத்தார்கள். அவர் போட்ட அலறலில் அக்கா திரும்பிப் பார்த்தாள். மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது, போலீஸ்காரர் மாமாவின் சட்டைப்பையிலிருந்த பர்ஸைப் பார்த்துவிட்டு, “வண்டி உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு, லைசென்ஸும் இருக்கு, சரி சரி” என்று தானே எழுதிக்கொண்டிருந்தார். அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

(இந்த இடத்தில் ‘சும்மா இருப்பது பொய்யாகுமா?’ என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. மாமா கட்டிலில் படுத்திருக்கும்போது நான் தத்துவம் பேசுவது எனக்கே பிடிக்கவில்லை, எடுத்துவிட்டேன்.)

மாமா கண் விழித்ததும் முதலில் கேட்டது, “உனக்கு ஒண்ணும் ஆகலையே?” இரண்டாவது கேட்டது, “நான் யாரையாவது இடிச்சிட்டனா?” அவராகவே கேட்டார். பதிமூன்று வருடமாக அந்த வண்டியை அவர்தான் ஓட்டுகிறார். வேறு எப்படி நினைப்பார்?

இன்சூரன்ஸ் படிவம் ஒரு வாரம் கழித்து வந்தது. அதன் பின்பக்கத்துப் பொடி எழுத்து நிபந்தனைகளைத் தொழில் பழக்கத்தில் நான்தான் முழுதாகப் படித்தேன். வண்டியால் அடிபட்ட ஆளுக்குக் கம்பெனி பணம் கொடுக்கும், ஓட்டியவரிடம் லைசென்ஸ் இருந்தால். இல்லையென்றால் கையை விரித்துவிடும். சலூன்காரர் மணிக்கட்டுக்குள் தகடு வைக்க வேண்டும் என்றிருந்தார்கள். தகடு இல்லாமலும் எலும்பு சேரும், ஆனால் கத்திரி பிடிக்கிற மாதிரி சேராது. கம்பெனியின் கடிதம் வந்தால் ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்போம் என்றது ஆஸ்பத்திரி.

4

அக்கா சமையலறையில் நின்றபடி படிவத்தை என்னிடம் நீட்டினாள்.

“டேய், கதையெல்லாம் எழுதுறல்ல? இத எழுதிக் குடு.”

“என்னன்னு எழுத?”

“அவர் ஓட்டின மாதிரி.”

“ஏன், அவர் ஓட்டலையா?”

அக்கா அடுப்பைச் சின்னதாக்கினாள். அப்போதுதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள், தண்ணீர்த் தொட்டியிலிருந்து போலீஸ்காரர் வரைக்கும். சொல்லி முடித்தபோது குழம்பு அடிப்பிடித்திருந்தது.

“மாமாகிட்ட சொல்லிட வேண்டியதுதானே?” என்றேன்.

“சொன்னா நேரா கம்பெனிக்குப் போய் நிப்பார். அவர உனக்குத் தெரியாதா? அப்புறம் அந்த ஆளு கைக்கு யாருடா பொறுப்பு? நான்தான் ஓட்டினேன்னு எழுதினா நான் நல்லவ ஆயிடுவேன். அவரு கை?”

பேனாவை எடுத்தேன்.

“சரி, குறுக்க என்ன வந்துச்சு?”

“வெள்ளையா ஏதோ.”

“ஏதோன்னா?”

“ஏதோன்னா ஏதோதான்டா! உத்துப் பாத்துக்கிட்டு இருந்தா ஏன் விழுறேன்?”

இங்கேதான் நான் தவறினேன். ஒரு வாக்கியத்தில் ‘ஏதோ’ என்று வந்தால் பென்சிலால் சுழித்து, ஓரத்தில் ‘எது?’ என்று எழுதுவது என் பத்து வருடப் பழக்கம். ஓட்டியவர் பெயரை மாற்றியது அக்கா கேட்டதற்காக. அதற்குமேல் நான் செய்ததை யாரும் கேட்கவில்லை. நான் எழுதியது இது:

‘மாலை ஐந்து மணியளவில் தூறலில் மெதுவாக வண்டி ஓட்டி வந்தேன். மனைவி பின்னால் அமர்ந்திருந்தார். வளைவில் ஒரு காது மடங்கிய வெள்ளை நாய் குறுக்கே ஓடியது. அதன் மீது ஏற்ற மனமில்லாமல் பிரேக்கைப் பிடித்ததில் வண்டி சறுக்கி, ஓரமாக நின்றவர் மீது மோதியது. தவறு என்னுடையதே, அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை.’

சரியாக ஐந்து வரி. அந்த மடங்கிய காது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நாய் என்று மட்டும் எழுதினால் நம்பமாட்டார்கள் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், எழுதும்போது அது எனக்குப் பிடித்துப்போயிற்று.

படிவத்தின் கீழே இன்னொரு கேள்வி. ‘ஓட்டுநர் தலைக்கவசம் அணிந்திருந்தாரா? இல்லையெனில் காரணம்?’ அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். ‘இல்லை. மனைவிக்குக் கொடுத்துவிட்டதால்.’ அந்தப் படிவத்தில் கலப்படமில்லாமல் நிஜமாக இருந்தது, அவர் அவளுக்குக் கொடுத்தார் என்ற அந்த ஒரு விஷயம்தான்.

5

கையெழுத்து மாமா போட வேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலு தடவை படித்தார். கண் கலங்கியது. கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை மாடிக்கு வந்தார்.

“மச்சான், அந்த நாய்க்கு இடது காதுதான மடங்கியிருந்துச்சு?”

நான் எந்தக் காது என்று எழுதவே இல்லை. ஏதோ சொல்லி மழுப்பினேன். மூன்றாம் நாள், நாய் ஓடும்போது ஒரு தரம் திரும்பித் தன்னைப் பார்த்தது என்றார். ஒரு வாரத்தில் அது பெட்டை நாய் ஆகியிருந்தது. வெறுமையாக இருந்த அந்த இடத்தில் நான் ஐந்து வரி போட்டேன், மாமா மீதியைக் கட்டி எழுப்பிக்கொண்டார். எந்த எழுத்தாளனுக்கும் இப்படி ஒரு வாசகர் கிடைக்கமாட்டார். எனக்குக் கிடைத்தார்.

கம்பெனியிலிருந்து, விபத்தை நேரில் விசாரிக்கிற சர்வேயர் வந்தார். வண்டியின் கீறல்களை மொபைலில் படம் எடுத்துவிட்டு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து மாமாவிடம் கேள்வி கேட்டார். அக்கா கதவோரம் நின்றாள். நான் ஒரு புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“நாய் எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு?”

“வலது பக்கம் சார். இடது காது மடங்கியிருந்துச்சு. பாவமா ஒரு பார்வை பாத்துச்சு சார். அதுக்காக அவர் கைய உடைச்சிட்டேன்.”

சர்வேயர் எழுதிக்கொண்டார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “தம்பி, இருபது வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன். பொய் சொல்றவன் நாய்னு சொல்வான், மாடுனு சொல்வான். காது மடங்கினதையெல்லாம் சொல்லமாட்டான். உங்க மாமா தங்கமான மனுஷன்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நாங்கள் மறைத்துவிட்டோம். கம்பெனியின் கடிதம் வந்தது. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள்: வருகிற வியாழக்கிழமை.

மாமாவோ வண்டியைத் தொடுவதையே விட்டுவிட்டார். பட்டறையிலிருந்து சரிசெய்து கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருக்கிறது, அதைச் சுற்றிக்கொண்டு போகிறார். இரும்புப் பெட்டியைத் தோளில் வைத்து நடக்கிறார். தூரத்துத் தையல்கடைகள் வேறு மெக்கானிக்கைப் பார்த்துக்கொண்டன. தினமும் காலையில் முதல் வேலையாகச் சலூனுக்கு நடந்து போய் ஷட்டரைத் தூக்கிவிடுகிறார், சாயங்காலம் போய் இறக்கிவிடுகிறார். ஒற்றைக் கையால் சலூன்காரரால் அதைத் தூக்க முடியாது.

6

சலூன்காரரை எழுதுவதில் எனக்குத் தகராறு.

முதலில் அவரை ரொம்ப நல்லவராக எழுதியிருந்தேன். ‘கண்ணில் நீர் தளும்ப, “விதி தம்பி” என்றார் அவர்.’ கிழித்துப் போட்டேன். பிறகு பணத்தாசை பிடித்தவராக எழுதிப் பார்த்தேன், கதைக்கு வசதியாக இருந்தது. மனசு கேட்கவில்லை. கடைசியில், எழுதுகிற ஆளை நேரில் பார்த்துவிடலாம் என்று தாடியைத் தடவிக்கொண்டே சலூனுக்குப் போனேன்.

கடை திறந்திருந்தது, வேலை இல்லை. கட்டுப்போட்ட கையோடு, வாடிக்கையாளர் காத்திருக்கும் பெஞ்சில் அவரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கத்திரிகள் வரிசையாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தன.

“ஷேவிங்கா? இடது கையால பண்ணி விடவா? ரிஸ்க் உங்களுது” என்றார். சிரித்தேன். நான் இன்னாருடைய மச்சான் என்றதும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“உங்க மாமாவ வர வேணாம்னு சொல்லுங்க தம்பி.”

“ஏன், தொந்தரவா இருக்கா?”

“தினம் வந்து ஷட்டரத் தூக்கிட்டு மன்னிப்புக் கேக்குறாரு. என்னால தாங்க முடியல.” பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “நாய் வந்துச்சாமே?”

“அப்படித்தான் சொல்றார்.”

“என்கிட்டயும் சர்வேயர் கேட்டார். ஆமா சார், நாய்தான்னு சொல்லிட்டேன்.” வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நாயும் இல்ல, நரியும் இல்ல. முடி வெட்டும்போது போத்துற வெள்ளைத் துணி இருக்குல்ல? அத வாசல்ல நின்னு உதறினேன். கடைக்குள்ள உதறினா முடி பறக்குது, கூட்டி மாளல. எப்பவும் ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் உதறுவேன். அன்னிக்கு மழை வருதேன்னு பாக்கல. வண்டிக்கு முன்னாடி துணி பட்டுனு விரிஞ்சிருச்சு.”

நான் திரும்பி வாசலைப் பார்த்தேன்.

“நாய்னு வந்ததும் சரி, என் மேல வரலைன்னு விட்டுட்டேன் தம்பி. இதச் சொன்னா உன் தப்பும் இருக்குன்னு கம்பெனி குறைச்சிடும். கை இல்லைன்னா நான் யாரு? நீங்க வெளிய சொல்லிடாதீங்க.”

“யார் ஓட்டி வந்தாங்கன்னு பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

“துணிதான் மறைச்சிடுச்சே.”

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது உங்களிடம் சொல்லியிருக்கிறேன். (நீங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவராக இருந்தால், இது கற்பனை என்று நினைத்துக்கொள்ளுங்கள். வேறு யாராக இருந்தாலும் நிஜம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.) அக்காவிடம்கூட நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவளுடைய பாரத்தில் பாதி இறங்கியிருக்கும். திறந்தால் அவள் அதை மாமாவிடம் சொல்வாள், மாமா... பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் இரண்டு மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கிறது, பழி மட்டும் ஒரே ஆள் தோளில் இரும்புப் பெட்டியோடு சேர்ந்து நடந்து போகிறது.

7

நேற்று முன்தினம் மாமா தன் லைசென்ஸை ஒரு உறையில் போட்டு, மேலே ஆர்.டி.ஓ. அலுவலக முகவரி எழுதினார். திருப்பிக் கொடுத்துவிடப் போகிறாராம்.

“எனக்கெல்லாம் இது எதுக்கு? இன்னொருத்தர் கைய உடைக்கவா?”

அக்காவால் தாங்க முடியவில்லை. என் எதிரிலேயே உண்மையைப் போட்டு உடைத்துவிட்டாள்.

“நீங்க ஓட்டலங்க. நான்தான் ஓட்டினேன்.”

மாமா அவளைப் பார்த்தார். கோபமில்லை. அதிர்ச்சியும் இல்லை. குழந்தை பொய் சொன்னால் பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை.

“என் மேல பழி வரக்கூடாதுன்னு நீ ஏத்துக்கிறியா?”

“சத்தியமா நான்தாங்க! தண்ணித் தொட்டிகிட்ட வாங்கினேன். ஹெல்மெட்ட என் தலைல மாட்டி விட்டீங்களே? ஓட்டறவங்கதான ஹெல்மெட் போடுவாங்க?”

“நான் ஓட்டினாலும் உனக்குத்தான் குடுத்திருப்பேன்” என்றார் மாமா.

அக்கா அழுதுவிட்டாள். அவர் சொன்னது உண்மை. கொடுத்திருப்பார். நல்லவர்களிடம் இது ஒரு கஷ்டம், அவர்களுக்கு எதிராகவோ ஆதரவாகவோ எந்தச் சாட்சியும் நிற்காது.

நான் நடுவில் புகுந்தேன். “மாமா, அக்கா சொல்றதுதான் நிஜம். அந்த நாயே கிடையாது. அது நானா எழுதினது.”

“நீ எழுதினதாலதான் மச்சான் எனக்கு ஞாபகமே வந்துச்சு.” என் தோளைத் தட்டினார். “நல்லா எழுதியிருந்த.”

பாராட்டு வாங்கிய அதே நிமிடத்தில் இவ்வளவு அவமானப்பட்ட எழுத்தாளன் வேறு யாராவது இருந்தால் எனக்குக் கடிதம் போடலாம்.

8

முடிவுகள். மூன்று வைத்திருந்தேன்.

முதல் முடிவு: மாமா நம்பிவிடுகிறார். வண்டியை எடுக்கிறார், தையல்கடைகள் திரும்பி வருகின்றன. ஆனால் அதே வண்டியில் நேராகக் கம்பெனிக்குத்தான் போவார். வியாழக்கிழமை ஆபரேஷன் நின்றுவிடும். சலூன்காரர் பெஞ்சில்...

இரண்டாவது முடிவு: மாமா நம்பவில்லை. தகடு வைக்கிறார்கள், கை சரியாகிறது, கத்திரி ஓடுகிறது. செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு மாமா இப்படியே நடந்து நடந்து...

மூன்றாவது முடிவில், வியாழக்கிழமை வரை பொறுத்திருந்து, தகடு வைத்த பிறகு மாமாவிடம் சொல்லி நம்பவைக்கிறோம். இதுதான் சாமர்த்தியமான முடிவு. இதை அக்காவிடம் சொன்னேன்.

“சரி. நம்பவைக்கிறது எப்படி?” என்றாள்.

சாமர்த்தியம் அத்தோடு தீர்ந்தது. அதுவுமில்லாமல், எப்போது தெரிந்தாலும் மாமா கம்பெனிக்குப் போய் நிற்பார். வைத்த தகட்டைக் கழற்றமாட்டார்கள்தான், ஆனால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள், சலூன்காரரிடம் கேட்பார்களா எங்களிடமா, அக்காவை உள்ளே வைப்பார்களா, பொய் எழுதிக் கொடுத்த என்னையுமா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது. நான் எழுதிய கதையில் எனக்கே வழி தெரியவில்லை.

9

இன்று ஞாயிற்றுக்கிழமை காலை. மாடி ஜன்னலருகே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கீழே வாசலில் வண்டி நிற்கிறது.

சற்றுமுன் அக்கா மேலே வந்து போனாள். அவளுக்கு ஒரு யோசனை.

“தலை மறந்தா உடம்பும் மறந்துடுமாடா? கல்யாணமாகி இத்தன வருஷத்துல அவர் எனக்குப் பின்னால உக்காந்தது அந்த ஒரு தடவைதான். உக்காந்ததும் என் தோள்ல கை வச்சார். இந்தப் பக்கம்.” வலது தோளைத் தொட்டுக் காட்டினாள். “விழுற வரைக்கும் எடுக்கல. அத நான் அவர்கிட்ட சொல்லல. நீயும் சொல்லாத. உக்கார வச்சுப் பாக்கறேன், கை எங்க போகுதுன்னு.”

“வியாழக்கிழமை வரைக்கும் பொறுக்கலாமே?” என்றேன்.

“அந்த உறைய நாளைக்கு அனுப்பறார்டா” என்றாள். “இந்த மனுஷன இப்படிப் பாத்துக்கிட்டு இன்னும் ஒரு நாள்கூட என்னால இருக்க முடியாது.”

கீழே இறங்கிப் போய்விட்டாள்.

இப்போது வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தியிருக்கிறாள். சாவி போடவில்லை. அது எங்கேயும் போகப்போவதில்லை. அக்கா முன்னால் உட்கார்ந்து கைப்பிடிகளைப் பிடித்திருக்கிறாள். மாமா பக்கத்தில் நிற்கிறார். வேட்டியோ பேண்ட்டோ, அவர் என்ன கட்டியிருக்கிறார் என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எதையாவது கூட்டிவிடுவேன்.

“சும்மா உக்காருங்க. ஸ்டாண்ட்லதான நிக்குது?”

“எனக்குப் பயமா இருக்கு.”

“நான் இருக்கேன்ல? ஏறுங்க.”

மாமா சீட்டைத் தொட்டார். கையை எடுத்தார். மறுபடி தொட்டார். மெதுவாகக் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் முதுகு விறைத்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது.

மாமாவின் இரண்டு கைகளும் அவருடைய தொடையில் இருக்கின்றன. அப்புறம் வலது கை மட்டும் எழும்புகிறது. பாதியில் நிற்கிறது.

அந்தக் கை அவள் தோளுக்குப் போனால், சலூன்காரருடைய கை... போகாவிட்டால் மாமாவுடைய...

நான் எதை வேண்டுகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

மாமா தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்க்கிறார். கை அப்படியே அந்தரத்தில் நிற்கிறது.

“மச்சான், பின்னால உக்காந்தா கைய எங்க வைக்கிறது?”

அக்கா திரும்பவில்லை.

நான் எது சொன்னாலும், அந்த நாயை நம்பிய மாதிரி இதையும் அவர் நம்பிவிடுவார். தோளில் என்றால் தோளில், சீட்டுக் கம்பியில் என்றால் கம்பியில். அப்புறம் காலத்துக்கும் அது அவருடைய ஞாபகமாகிவிடும். இவ்வளவு எழுதியவன் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லப்போவதில்லை. பேனாவை மூடி வைக்கிறேன். நீங்களும் தயவுசெய்து எதுவும் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரம் அவரை அப்படியே விடுங்கள்.